சுவரில் முளைத்த கை

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சிமெண்டுக்குப் பெயர்போன தாழையூத்தைக் கடந்து மேலும் வடக்கே சென்றால், கங்கைவரை படை நடத்திய ராஜேந்திர சோழனின் விருதுப்பெயரை இன்றும் தன் பெயராகத் தாங்கி நிற்கும் கங்கைகொண்டான் என்ற ஊர் வருகிறது. சிற்றாறு சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியில் சங்கமமாவதற்கு முன்பு தொட்டுச் செல்லும் இந்த ஊரில், கைலாசநாதர் கோயிலின் கருங்கற்களும், 2013ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட புதர்க்காட்டில் மேயும் புள்ளிமான்களும், சிப்காட் தொழிற்பேட்டையின் நீண்ட தகரக் கூரைகளும் ஒரே வெயிலில் ஒருங்கே காட்சி தருகின்றன. டயர் செய்யும் ஆலையும், சூரிய மின்கலங்கள் செய்யும் டாட்டா பவர் குழுமத்தின் ஆலையும் இங்கே இருக்கின்றன. அவற்றைப் போன்ற பேராலைகளின் நிழலில் பழுது பார்க்கும் பட்டறைகளும் உதிரி பாகங்கள் செய்யும் கூடங்களும் தோன்றுவது எந்தத் தொழிற்பேட்டைக்கும் இயல்பு. அப்படிப்பட்ட கூடங்களில், பெரிய யந்திரங்களின் ஆரவாரத்துக்கிடையே, பெரும்பாலும் பார்வையாளரின் கண்ணில் படாமலே போய்விடுகிற ஒரு சிறிய சாதனத்தைப் பற்றியதே இக்கட்டுரை. அது சுவரில் பொருத்தப்படும் ஜிப் கிரேன்.

தொழிற்கூடத்தில் பாரத்தை உயர்த்துவது என்பது வெறும் பலத்தைப் பற்றிய பிரச்சினையன்று; அது நேரத்தையும் முதுகெலும்பையும் பற்றிய பிரச்சினை. பெரிய ஆலைகளில் கூரைக்குக் கீழே இரு பக்கத் தண்டவாளங்களின் மேல் குறுக்காக ஓடும் ஈ.ஓ.டி. கிரேன் இருக்கும். பத்து டன்னையும் இருபது டன்னையும் அநாயாசமாகத் தூக்கிச் செல்லும் அந்தப் பேருருவம் ஒன்றுதான். ஆனால் அதை எதிர்பார்த்து நிற்பவர்களோ பலர். கடைசல் யந்திரத்தில் 200 கிலோ எடையுள்ள இரும்புருளையை ஏற்ற வேண்டியவர், கூடத்தின் மறுகோடியில் வேறொரு வேலையில் ஈடுபட்டிருக்கும் கிரேன் தம் பக்கம் வரும்வரை காத்திருப்பார். அல்லது பொறுமையிழந்து, நாலு பேரைக் கூப்பிட்டுக் கையாலேயே தூக்கி, அன்று இரவு இடுப்பில் தைலம் தேய்த்துக்கொள்வார். அந்த ஒரு யந்திரத்துக்கு மட்டுமே சேவகம் செய்கிற ஒரு சிறு கிரேன் பக்கத்துச் சுவரிலேயே இருந்துவிட்டால், காத்திருப்பும் இல்லை, தைலமும் இல்லை.

இதன் அமைப்பு எளிது. சுவரிலோ தூணிலோ ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தாங்கிகள் பொருத்தப்படுகின்றன. கதவு கீல்களில் திரும்புவதுபோல, அந்தத் தாங்கிகளில் ஓர் இரும்புக் கை கிடைமட்டமாகத் திரும்புகிறது. பெரும்பாலும் ‘ஐ பீம்’ எனப்படும் இரும்பு விட்டமே அந்தக் கை. அதன் அடிவிளிம்பின் மேல் சிறு சக்கரங்களுடன் ஒரு டிராலி ஓடுகிறது. டிராலியிலிருந்து ஹாய்ஸ்ட் என்னும் தூக்கு யந்திரம் தொங்குகிறது. அதன் சங்கிலியின் நுனியில் கொக்கி. கிரேன் என்ற ஆங்கிலச் சொல்லே நீண்ட கழுத்துடைய ஒரு நீர்ப்பறவையின் பெயர். நம் மொழியிலும் கொக்கும் கொக்கியும் ஓசையால் அண்டை வீட்டாராக அமைந்திருப்பது ஓர் இனிய தற்செயல். கை திரும்புவது ஒன்று, டிராலி ஓடுவது இரண்டு, கொக்கி ஏறி இறங்குவது மூன்று. இம்மூன்று சலனங்களும் சேரும்போது, சுவரை விட்டமாகக் கொண்ட அரைவட்டத்துக்குள் ஏறக்குறைய எந்த இடத்திலும் பாரத்தை எடுக்கவும் வைக்கவும் இயலுகிறது. கையின் நீளம் 4 மீட்டரானால், அந்த அரைவட்டத்தின் பரப்பு சுமார் 25 சதுர மீட்டர். தரையில் ஒரு தூணையும் நடாமல், நடமாட்டத்துக்கு ஒரு தடையையும் செய்யாமல், ஓர் அறையளவு இடத்தை இது ஆட்சி செய்கிறது.

இதன் தத்துவத்தை அறிய விரும்புகிறவர், பம்புசெட்டுகள் வருமுன் நம் வயல்களில் நீர் இறைத்த ஏற்றத்தை நினைவுக்குக் கொண்டுவந்தால் போதும். நட்ட காலின் மேல் குறுக்காகக் கிடக்கும் துலாவின் ஒரு நுனியில் சால் தொங்கும். மறுபுறத்தில் துலாவின் மேலேயே ஏறி நடக்கும் மனிதரின் கனம் சாலின் கனத்துக்கு ஈடு கொடுக்கும். இந்தப் பக்கத்துப் பாரத்தையும் தூரத்தையும் பெருக்கி வரும் தொகையும், அந்தப் பக்கத்துப் பாரத்தையும் தூரத்தையும் பெருக்கி வரும் தொகையும் சமமானால் துலா நிலைபெறும். இதையே பௌதிக சாஸ்திரம் திருப்புத்திறன் என்ற சொல்லால் குறிக்கிறது. சுவர் ஜிப் கிரேனும் ஒரு துலாதான். ஆனால் அதற்கு ஒரு புறமே கண்ணுக்குத் தெரிகிறது. மறுபுறம் எங்கே என்று கேட்டால், சுவரைத்தான் சுட்டிக்காட்ட வேண்டும். ஏற்றத்தில் மனிதர் செய்த வேலையை இங்கே சுவர் ஓசையின்றிச் செய்கிறது.

கோயில் கட்டிய ஸ்தபதிகளும் இந்த உண்மையை அறிந்திருந்தார்கள். தூணின் தலையிலிருந்து இருபுறமும் நீண்டு உத்தரத்தைத் தாங்குகிற போதிகையைக் கவனித்தால், அது மிகக் கொஞ்சமே நீண்டிருப்பதைக் காணலாம். கல்லுக்கு அழுத்தத்தைத் தாங்கும் சக்தி மிகுதி. இழுப்பைத் தாங்கும் சக்தி அற்பம். நீட்டிய கல்லின் நுனியில் பாரம் வைத்தால் அதன் மேல்பக்கம் இழுபட்டு விரிசல் காணும் என்பதாலேயே ஸ்தபதி அதை நீட்டாமல் அடக்கினார். மேலே அடுக்கிய கற்களின் கனத்தாலேயே அதை அசையாதபடி அமுக்கியும் வைத்தார். இழுப்பையும் அழுத்தத்தையும் ஏறக்குறைய சமமாகத் தாங்கவல்ல எஃகு கைக்கு வந்த பிறகுதான், போதிகை நாலு மீட்டர் நீளமுள்ள கையாக வளர முடிந்தது. ஆனால் கை எஃகானதால் சுவரும் எஃகாகிவிடவில்லை. இந்தக் கிரேனின் கஷ்டங்கள் யாவும் அங்கேதான் தொடங்குகின்றன.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 500 கிலோ தூக்கும் கிரேன் ஒன்று. கையின் நீளம் 4 மீட்டர். ஹாய்ஸ்டும் டிராலியுமாக 50 கிலோ. இரும்புக் கையின் சொந்த எடை 100 கிலோ என்று கொள்வோம். பாரம் திடீரென்று எழும்போதும் நிற்கும்போதும் உண்டாகும் அதிர்ச்சிக்காகப் பாரத்தோடு கால்பங்கு கூட்டுவதாக வைத்துக்கொண்டால், 500 கிலோ 625 ஆகிறது. ஹாய்ஸ்டின் கனமும் சேர்ந்து 675. அதை 4 மீட்டரால் பெருக்க 2,700. கையின் சொந்த எடை அதன் நடுவில் செயல்படுவதால், 100ஐ 2ஆல் பெருக்க 200. மொத்தத் திருப்புத்திறன் 2,900 கிலோகிராம்-மீட்டர். மேல் தாங்கிக்கும் கீழ்த் தாங்கிக்கும் இடையே உள்ள தூரம் 1 மீட்டரானால், மேல் தாங்கி சுவரைவிட்டு 2,900 கிலோ பலத்தோடு பிடுங்கிக்கொண்டு வரப் பார்க்கும்; கீழ்த் தாங்கி அதே பலத்தோடு சுவரை உள்ளே தள்ளும். இவற்றோடு முழு எடையும் கீழ்நோக்கி இழுப்பது தனி. அரை டன் பாரத்தைத் தூக்குவதாக நாம் எண்ணிக்கொண்டிருக்க, சுவரோ ஏறக்குறைய மூன்று டன் இழுப்பை உணர்கிறது. தாங்கிகளுக்கிடையே உள்ள தூரத்தை 2 மீட்டராக்கினால் இந்த இழுப்பு பாதியாகிவிடும். அரை மீட்டராகக் குறைத்தால் இரட்டிப்பாகிவிடும். தாங்கிகளை எவ்வளவு விலக்கி வைக்க முடியுமோ அவ்வளவு விலக்கி வைப்பது சுவருக்கு நாம் செய்யும் தயவு.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் பழமொழி. எழுதிய சித்திரம் சுவரை ஒன்றும் செய்வதில்லை. இந்தச் சித்திரமோ நாள்தோறும் சுவரைப் பிடித்து இழுக்கிறது, அதுவும் ஒரே திசையிலன்று. கை சுவருக்குச் செங்குத்தாக நீண்டிருக்கும்போது மேல் தாங்கியின் போல்ட்டுகள் வெளியே இழுபடுகின்றன. கையைத் திருப்பிச் சுவரோடு சேர்த்தாற்போல் ஒரு பக்கம் கொண்டுபோனால், அதே 2,900 கிலோ இப்போது போல்ட்டுகளைப் பக்கவாட்டில் அறுக்கப் பார்க்கிறது. தாங்கி பொருந்தியிருப்பது ஓர் எஃகுத் தூணானால், அந்தத் தூண் தன் பலமான திசையில் வளைவதை விட்டுப் பலவீனமான திசையில் வளையவும் முறுகவும் நேர்கிறது. நேரே நிற்கும் கையை மட்டும் கருதித் தூண் போதுமென்று முடிவு செய்கிறவர்கள், அந்தக் கை திரும்புவதற்காகவே அங்கே இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே எந்தச் சுவர் தகுதியுடையது என்ற கேள்விக்கு விடை கண்டிப்பானது. செங்கல் சுவரும் சிமெண்டு ஹாலோ பிளாக் சுவரும், எவ்வளவு தடிமனாகக் காட்சியளித்தாலும், இந்தப் பொறுப்புக்கு உரியனவல்ல. செங்கற்களைக் கோத்திருக்கும் சாந்து, அழுத்தத்துக்குத் துணையாகுமேயன்றி இழுப்புக்குத் துணையாகாது. கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தூண் தகுதியுடையது. எஃகுத் தூணும் தகுதியுடையது. ஆனால் இரண்டையும் கட்டடப் பொறியாளர் கணக்கிட்டுச் சம்மதம் தெரிவித்த பிறகே நம்ப வேண்டும். இந்நாளில் தொழிற்பேட்டைகளில் விரைவாக எழுகிற கூடங்களில் இது விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. அங்கே சுவர் என்று நாம் சொல்வது, எஃகுச் சட்டத்தின் மேல் போர்த்திய மெல்லிய தகடு. அது மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பேயன்றி வேறில்லை. உள்ளிருக்கும் தூண்களோ, கூரையின் கனத்துக்கும் காற்றின் வேகத்துக்கும் மட்டும், மிச்சம் வைக்காமல் சிக்கனமாகக் கணக்கிட்டு அனுப்பப்பட்டவை. கட்டும்போதே கிரேன் வரப்போகிறது என்று சொல்லியிருந்தால் தூணைச் சற்றுக் கனமாக்கியிருப்பார்கள். சொல்லாமல் விட்டு, மூன்று வருஷம் கழித்து அதில் கிரேனைத் தொங்கவிடுவது, விருந்துக்குச் சொல்லாமல் பத்துப் பேரோடு போய் இலைமுன் அமர்வதற்கு ஒப்பாகும். தூண் தாங்காது என்று தெரிந்தால், தரையில் தனி அஸ்திவாரமிட்டு நிறுத்தும் தூண் ஜிப் கிரேனே உசிதமானது. அது ஒரு முழு வட்டமும் சுற்றி வரும் என்பது கூடுதல் லாபம்.

சுவர்க் கிரேன்களில் இரு வகை உண்டு. ஒன்றில், கையின் நுனிப்பக்கத்திலிருந்து மேல் தாங்கிக்குச் சாய்வாக ஓர் இழுகம்பி செல்லும்; பந்தற்காலுக்குக் கட்டிய இழுகயிறு போன்றது அது. அந்தக் கம்பி இழுப்பை ஏற்றுக்கொள்வதால் கை மெலிதாகவும் மலிவாகவும் அமையும். ஆனால் கைக்கு மேலே கம்பிக்கென்று இடம் வேண்டும். மற்றதில் இழுகம்பி கிடையாது. கை தன் சொந்தத் தடிமனாலும் திடத்தாலும் மட்டுமே நிற்கும். இதில் இரும்பு அதிகம் செலவாகும். எனினும் கூரையை ஒட்டி உயரத்தில் பொருத்த முடிவதால், கொக்கிக்கு அதிக உயரம் கிடைக்கிறது. கூரை உயரமான கூடத்துக்கு முதல் வகையும், தாழ்ந்த கூடத்துக்கு இரண்டாம் வகையும் பொருந்தும் என்று பொதுவாகச் சொல்லலாம்.

இனி, கைக்கு அணிவிக்கும் ஆபரணங்கள். நாளுக்கு நாலைந்து தடவை மட்டும் தூக்குகிற இடத்துக்குக் கையால் இழுக்கும் செயின் பிளாக்கே போதுமானது. சுமார் 30 கிலோ பலத்தோடு சங்கிலியை இழுக்கும் ஒருவர் அதைக் கொண்டு ஒரு டன்னை உயர்த்திவிடலாம். ஆனால் இயற்கை யாருக்கும் இலவசமாக எதையும் கொடுப்பதில்லையாதலால், பாரம் ஒரு மீட்டர் ஏற, அவர் 30 மீட்டருக்கும் அதிகமான சங்கிலியை இழுத்தாக வேண்டும். இடைவிடாமல் தூக்குகிற இடத்துக்கு மின்சார ஹாய்ஸ்ட் அவசியம். அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிள், டிராலியோடு சேர்ந்து நீளவும் சுருங்கவும் வேண்டுமாதலால், திரைச்சீலையை வளையங்களில் தொங்கவிடுவதுபோல் அதை மடிப்பு மடிப்பாகக் கையின் கீழ் தொங்கவிடுகிறார்கள். தொழிலாளியின் கைக்கு எட்டும்படி தொங்கும் பெண்டன்ட் என்ற பொத்தான் பெட்டிக்குக் குறைந்த வோல்டேஜே அனுப்பப்படும். வியர்த்த கையில் அது இருக்கப்போகிறது என்பதே காரணம். கொக்கி எல்லைமீறி மேலேறி ஹாய்ஸ்டில் மோதாதபடி மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் லிமிட் ஸ்விட்ச், டிராலி கையின் நுனியைக் கடந்து விழாதபடி முட்டுக்கட்டை, கை அளவுக்கு மீறித் திரும்பிப் பக்கத்துக் குழாயையோ விளக்கையோ தாக்காதபடி தடை, பாரத்தைக் கட்டித் தூக்கும் பெல்ட்டோ ஸ்லிங்கோ நழுவாதபடி கொக்கியின் வாயில் ஒரு தாழ்ப்பாள்: இவை அலங்காரங்கள் அல்ல, ஒன்றைக் குறைத்தாலும் மீதி யாவும் வீண்.

பொருத்தும் வேலை அளவெடுப்பதில் தொடங்குகிறது. பாரத்தை எவ்வளவு உயரம் தூக்க வேண்டுமோ, அதோடு ஸ்லிங்கின் நீளத்தையும், கொக்கியிலிருந்து கையின் அடிவரை ஹாய்ஸ்ட் அடைத்துக்கொள்ளும் உயரத்தையும் கூட்டியே கையின் மட்டத்தை நிர்ணயிக்க வேண்டும். அந்த அரைவட்டத்தின் பாதையில் விசிறி, குழாய், விளக்கு ஏதேனும் உண்டா என்றும், மேலே ஓடும் பெரிய கிரேனின் கொக்கி இந்தக் கையோடு எங்கேனும் மோதுமா என்றும் பார்க்க வேண்டும். எஃகுத் தூணானால் தாங்கியைப் போல்ட்டினால் முடுக்கலாம். கான்கிரீட் தூணானால், தூணை ஊடுருவித் துளையிட்டு, மறுபக்கத்தில் தடித்த இரும்புத் தகடு வைத்து நீண்ட போல்ட்டுகளால் இறுக்குவது உத்தமமான முறை. அப்படிச் செய்தால் மேல் தாங்கியின் இழுப்பு, தூணின் முதுகை அழுத்தும் அழுத்தமாக மாறிவிடுகிறது. கான்கிரீட்டுக்கு இழுப்பு ஆகாது, அழுத்தம் ஆகும் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். மறுபக்கம் போக வழியில்லாத இடத்தில், துளையில் ரசாயனப் பசை நிரப்பிப் போல்ட்டைப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர் முறை உண்டு. அதில் துளையின் தூசியைத் தூரிகையாலும் காற்றாலும் முற்றிலும் நீக்காவிட்டால், பசை கான்கிரீட்டைப் பற்றாமல் தூசியையே பற்றிக்கொள்ளும். பார்வைக்கு உறுதியாயிருந்து, பாரம் ஏறிய பின் உருவிக்கொண்டு வரும். துளையிடுகையில் உள்ளே இருக்கும் கம்பிகளை அறுத்துவிடாதபடி முன்னதாகவே அவற்றின் இடத்தைக் கண்டறிந்து கொள்வதும் முக்கியம்.

இதற்குப் பின் வருவது, நம் ஊர்க் கொத்தனார்கள் பரம்பரையாக அறிந்த வித்தை: தூக்குக்குண்டு. மேல் தாங்கியின் அச்சாணி மையத்திலிருந்து குண்டைத் தொங்கவிட்டால், அதன் முனை கீழ்த் தாங்கியின் அச்சாணி மையத்தைத் துல்லியமாகத் தொட வேண்டும்; முன்னிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அப்படியே. இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இல்லாவிட்டால், சாய்ந்த நிலையில் மாட்டிய கதவு தானே திறந்துகொள்வதுபோல, கையும் யாரும் தொடாமலே தாழ்ந்த பக்கம் நோக்கித் திரும்பிவிடும். வெறுங்கையானால் அது வேடிக்கை, 500 கிலோ தொங்கும்போது அது விபத்து. குறை கண்டால் தகட்டுக்குப் பின் மெல்லிய இரும்புச் சில்லுகளைச் செருகிச் சரிசெய்து, இடைவெளியைச் சுருங்காத சாந்தினால் நிரப்புகிறார்கள். கையின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, நுனி இம்மி அளவு உயர்ந்திருக்கும்படி விடுவதும் உண்டு. பாரம் ஏறியதும் அது சமமட்டத்துக்கு வந்துவிடும். போல்ட்டுகளைக் கைத்திட்டமாக முடுக்காமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்கி, சில நாள் வேலைக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

கடைசியாகப் பரீட்சை. முதலில் வெறுங்கொக்கியை ஏற்றி இறக்கி, கையை முழுவதும் திருப்பிப் பார்க்கிறார்கள். அடுத்து முழுப் பாரம். அதன்பின் அனுமதிக்கப்பட்ட பாரத்தில் 125 சதவீதம். அதைத் தரையிலிருந்து சாண் உயரம் மட்டும் தூக்கி, ஒருவரையும் அருகில் விடாமல் சிறிது நேரம் நிறுத்தி வைத்து, போல்ட்டுகள் அசைந்தனவா, தூணில் விரிசல் கண்டதா, இறக்கிய பின் கை பழைய நிலைக்கே திரும்பியதா என்று பார்க்கிறார்கள். கிரேன் தூக்கத்தக்க எடையை அதன் மேலேயே தெளிவாக எழுதி வைக்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றலாகாது, பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு முறையேனும் தகுதியுடையவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பவை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 29ஆம் பிரிவில் இந்தத் தேசத்துக்கு வகுத்துத் தந்த நெறிகள். அவற்றின் பின்னே இருப்பது காகிதத்தின் மேல் உள்ள பற்றன்று, மனித உயிரின் மேல் உள்ள அக்கறை.

நாள்தோறும் செய்ய வேண்டிய காரியங்களும் உண்டு. கொக்கியைப் பாரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்த பிறகே தூக்க வேண்டும். தூரத்தில் கிடப்பதைச் சங்கிலியால் சாய்வாக இழுப்பது, கைக்கும் தாங்கிக்கும் கணக்கில் சேராத வேதனை. இந்தப் பிரதேசத்துக்கென்று இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைக் கணவாய்களின் வழியே புகுந்து கயத்தாற்றுப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, கூடத்தின் வெளிச்சுவரில் லாரிகளுக்குச் சரக்கேற்ற வைத்த கிரேனின் கையையும் விடாது. வேலை முடிந்ததும் கையைச் சுவரோடு சேர்த்துத் தாழிட்டுவிட்டுப் போவதே விவேகம்.

கங்கைகொண்டானிலோ வேறு எங்கோ ஒரு கூடம் அமைத்து, இத்தகைய கிரேன் ஒன்று வாங்க எண்ணியிருக்கும் அன்பர்கள், எத்தனை டன், எத்தனை மீட்டர், என்ன விலை என்று விற்பனையாளரைக் கேட்பது இயல்பே. ஆனால் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்னதாக, கட்டடத்தின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒரு பொறியாளரிடம் சென்று, தூணைக் காட்டிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எவ்வளவு இழுப்பைத் தாங்கும்? அவர் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு கிரேன் வாங்கக் கடைக்குப் போங்கள்.